தலையைத் தனியா வெட்டிக்கலாம்

தலைவர் எங்கள் ஆபீசுக்கு வந்து நாற்பது ஹெட்போன்களைச் சுத்தியலால் அடித்து நொறுக்கிய அன்று, அந்தச் சுத்தியலைத் துடைத்துத் தட்டில் வைத்து நீட்டியவள் நான்தான். மேஜையில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தோம். ஒவ்வொன்றாக அடித்தார். டி.வி.காரர்களுக்குக் கோணம் சரியாக வரவில்லை என்று நாலைந்தை இரண்டாம் தடவையும் அடித்தார். "இனிமேல் உன் பேச்சு உன் சொத்து! அதை ஒட்டுக்கேட்கிறவன் காதை அறுப்பேன்!" என்று முழங்கினார். கைதட்டினோம். நான் மனசாரத்தான் தட்டினேன், பொய் சொல்லக் கூடாது. தெறித்த பிளாஸ்டிக் துண்டு ஒன்று, எங்கள் ஆபீஸ் மாடியில் வேலை பார்த்த ரேடியோ சாரின் புருவத்தைக் கிழித்தது. அவர் கைக்குட்டையால் ரத்தத்தை அமுக்கிக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

உடைந்த நாற்பதும் எப்போதோ கெட்டுப்போய் ஸ்டோர் ரூமில் கிடந்தவை. அடுத்த வாரம் புதிதாக அறுபது வந்து இறங்கின. வாசலில் போர்டை மாற்றினார்கள். 'தொலைபேசிக் கண்காணிப்புப் பிரிவு' போய் 'தனியுரிமைப் பாதுகாப்பு மையம்' வந்தது. ஊரார் போனை ஒட்டுக்கேட்பதுதான் அன்றும் வேலை, இன்றும் வேலை. ஆனால் ஒட்டுக்கேட்பு என்ற சொல்லை ஆபீசுக்குள் யாரும் உச்சரிக்கக் கூடாது. 'கவனிப்பு' என்று சொல்ல வேண்டும். ஆளை அடித்துத் துவைப்பதற்குப் போலீஸ்காரர்களும் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள் என்பது மேலிடத்துக்குத் தெரியுமோ தெரியாதோ.

சட்டம் மட்டும் நிஜமாகவே புதுசு. அதைப் பற்றித் தலைவர் பேசாத மேடை கிடையாது. கேட்பவர் படிக்கக் கூடாது, படிப்பவர் கேட்கக் கூடாது. கேட்பவர்கள் மாடியில் உட்கார்ந்து காதில் விழுந்ததை அப்படியே டைப் அடிப்பார்கள். நாங்கள் கீழே உட்கார்ந்து அதைப் படிப்போம். பேசுகிற ஆளின் பேர் எங்கள் யாருக்கும் தெரியாது, எண் மட்டும்தான். ஆபத்தான சொல் இருக்கிற வரிக்குச் சிவப்புக் கோடு போட்டு மேலே அனுப்ப வேண்டும். கோடு விழாத வரிகளை அன்று சாயங்காலத்துக்குள் ஒலிப்பதிவோடு சேர்த்து அழித்துவிட வேண்டும். இதனால் மக்களின் அந்தரங்கம் காப்பாற்றப்படுகிறதாம். அதாவது, ஒரு ஆளைக் குற்றவாளியாகக் காட்டுகிற பேச்சு பத்திரமாக இருக்கும். அவன் குற்றமில்லாதவன் என்று காட்டுகிற பேச்சு ஒரு பொட்டுக்கூட மிஞ்சாது. இவ்வளவு பெரிய ஓட்டை இரண்டு வருஷமாக என் கண்ணில் படவில்லை என்றால் என் கண்ணை என்னவென்று சொல்வது.

கோடு போடுகிறவள் நான். வீட்டில் கேட்டால் டெலிபோன் புகார்ப் பிரிவு என்று சொல்லி வைத்திருந்தேன். ஆபத்தான சொற்களுக்கு ஒரு பட்டியல் கொடுத்திருந்தார்கள்: அடி, வெட்டு, முடி, தூக்கு, போடு, வை. இந்த ஆறு சொல் இல்லாமல் நம் ஆட்கள் அரை நிமிஷம் பேசுவார்களா? மருமகளிடம் அடுப்பைப் பற்ற வைக்கச் சொன்ன மாமியாருக்கெல்லாம் கோடு விழுந்தது. "கழுத்தை இன்னும் கொஞ்சம் இறக்கி வெட்டுங்க" என்று போனில் சொன்ன ஒரு பெண்ணுடைய தையல்காரரை இரண்டு நாள் வைத்து விசாரித்தார்கள். திரும்பி வந்தபோது அவருக்கு முன்பல் இரண்டு இல்லை. இதை மதியச் சாப்பாட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். இப்போது நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

விளக்கம் எழுதக் கூடாது என்றும் ஒரு விதி உண்டு. "உங்க அபிப்பிராயம் மக்களோட அந்தரங்கத்துல தலையிடுதும்மா" என்பார் எங்கள் பிரிவு அதிகாரி. அன்றன்றைய சரக்கை அழித்து முடித்ததும் கையைத் தட்டிக்கொண்டு "சுத்தம்" என்பார். அதனால் அவருக்குச் சுத்தம் என்றே பேர் நிலைத்துவிட்டது.

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் எண் 3117 என் திரையில் வந்தது. இருபத்துமூன்று வரி. மணிக்கு அறுபது உரையாடல் பார்க்க வேண்டும் என்று கணக்கு. யார் உட்கார்ந்து வரி வரியாகப் படிக்கிறார்கள்? பட்டியலில் உள்ள சொல் எங்கே என்று கண் ஓடும், அவ்வளவுதான். ஓடிய கண் ஒரு இடத்தில் நின்றது.

"தலைவரை நாளைக்குள்ள அடிச்சு முடிச்சிடறேன். தலையைத் தனியா வெட்டிக்கலாம். உடம்பு ஏற்கெனவே கிடக்கு."

அடி, முடி, வெட்டு மூன்றும் ஒரே மூச்சில். எனக்கு முதுகு சில்லென்றது. சில்லென்றதில் ஒரு சந்தோஷமும் இருந்தது, அதையும் மறைக்கப் போவதில்லை. வருஷக்கணக்கில் மாமியார்களுக்குக் கோடு போட்டவளுக்கு முதல் தடவையாக ஒரு நிஜக் கொலைகாரன் கிடைத்திருக்கிறான். அழுத்திக் கோடு போட்டேன். பாக்கி வரிகளை அழித்தேன். சுத்தம் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, "பேஷ்! கையைக் குடுங்கம்மா" என்றார்.

மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வந்து, வாசலில் கொடுத்து வைத்திருந்த செல்போனை வாங்கினேன். தம்பி பெண்டாட்டி பதினோரு தடவை கூப்பிட்டிருந்தாள். திருப்பிக் கூப்பிட்டால் அழுகைதான் வந்தது, பேச்சு வரவில்லை.

"அண்ணி... பிரஸ்ஸுக்கு வாங்க அண்ணி... அவரை இழுத்துட்டுப் போயிட்டாங்க..."

என் தம்பி அச்சகக்காரன். அப்பா விட்டுப்போன அச்சகம், பஸ் டிப்போவுக்குப் பின்னால் இரண்டு ஷட்டர் அகலம். நான் போனபோது ஒரு ஷட்டரைக் காணோம். கடப்பாரையால் நெம்பிச் சுருட்டித் தெருவில் போட்டிருந்தார்கள். உள்ளே மை டப்பாக்களைக் கவிழ்த்திருந்தார்கள். சிவப்பு, நீலம், மஞ்சள் எல்லாம் தரையில் கலந்து சேறாகிக் கிடந்தது. அதில் பூட்ஸ் தடம். சுவரில் தெறித்திருந்த சிவப்பில் எது மை, எது தம்பியின் ரத்தம் என்று தெரியவில்லை. விரலால் தொட்டுப் பார்த்தேன். மையாக இருந்தால் வழவழக்கும். இது ஒட்டியது.

"மூக்குலயே அடிச்சாங்க அண்ணி" என்றாள் தம்பி பெண்டாட்டி. அவள் புடவை தோளில் கிழிந்திருந்தது. "மெஷினை நிறுத்திட்டு வர்றேன் சார்னுதான் சொன்னாரு. அந்த மெஷின்லயே தலையை மோதினாங்க. ரெண்டு தடவை. மூணாவதா மோதும்போது இவரு கால் மடிஞ்சிருச்சு. யாரைடா அடிக்கப் போறேன்னு கேட்டுக் கேட்டு மோதினாங்க. தலைவரைத்தான் சார்னு இவரும் வெள்ளந்தியா சொல்லிட்டே இருந்தாரு."

நான் அப்போதுதான் வெட்டும் மெஷின் பக்கம் பார்த்தேன். ஒரு பக்கம் ஆள் உயரத்துக்குப் போஸ்டர் கட்டு. வெள்ளைச் சட்டை, கும்பிட்ட கை, கீழே கொட்டை எழுத்தில் 'உன் பேச்சு உன் சொத்து'. தலைவர் அதில் மூக்குக் கண்ணாடி போட்டிருந்தார். இன்னொரு பக்கம் அதே தலைவரின் தலை மட்டும், கண்ணாடி இல்லாமல், கழுத்தோடு வெட்டி நூறு நூறாக அடுக்கியிருந்தது.

"இது என்னடி?" என்றேன்.

"கண்ணாடி போட்ட மூஞ்சி வயசாத் தெரியுதாம் அண்ணி. கட்சி ஆபீஸ்லேர்ந்து போன் பண்ணாங்க. பத்தாயிரம் போஸ்டர் அடிச்சாச்சே, என்ன செய்யறதுன்னு கேட்டாங்க. இவருதான், உடம்பு கிடக்கட்டும், புதுத் தலையை மட்டும் அடிச்சு வெட்டி மேல ஒட்டிடலாம்னு யோசனை சொன்னாரு."

அச்சகக்காரன் வீட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். எங்கள் வீட்டில் அடிப்பது என்றால் அச்சடிப்பது. "இன்னைக்கு ரெண்டு மந்திரியை அடிச்சேன், ஒருத்தன் காய மாட்டேங்கறான்" என்று அப்பா சொல்வார், நாங்கள் யாரும் சோற்றிலிருந்து தலையைத் தூக்க மாட்டோம். அந்த வார்த்தையை இந்த ஊரில் வேறு யார் தப்பாகப் படித்தாலும் மன்னிக்கலாம். நான் படித்தேன். நாற்காலியில் உட்கார்ந்த உடனே எனக்கு அப்பா இல்லை, தம்பி இல்லை, பட்டியல் மட்டும்தான் இருந்தது.

இருவரும் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினோம். வாசலில் நின்ற கான்ஸ்டபிள் தம்பி பெண்டாட்டியின் கழுத்தில் கை வைத்துத் தள்ளினான். அவள் படியில் விழுந்து முழங்கை கிழிந்தது. எனக்கு எங்கிருந்து வந்ததோ, அந்தக் கையைப் பிடித்துக் கடித்துவிட்டேன். பல் இறங்கியது. அவன் லத்தியால் என் முதுகில் இரண்டு போட்டான். நான் விடவில்லை. மூன்றாவது அடி பிடரியில் விழுந்ததும்தான் வாய் திறந்தது. அதற்குள் சத்தம் கேட்டு இன்ஸ்பெக்டர் வந்தார். என் ஆபீஸ் அடையாள அட்டையைக் காட்டினேன். பார்த்துவிட்டு, என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

அவருடைய அறையில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. மேஜையில் என் சிவப்புக் கோடு. அந்த ஒரு வரிதான், வேறு எதுவும் இல்லாத வெள்ளைத் தாளில். சுவருக்கு அந்தப் பக்கம் என் தம்பி.

கேட்பது என் வேலையில்லை, படிப்பதுதான் வேலை என்றேனே. அன்றைக்குக் காதால் கேட்டேன்.

"யாரை அடிக்கப் போறே?"

"தலைவரை சார். போஸ்டர் சார்..."

சதையில் ரப்பர் விழுகிற சத்தம்.

"எத்தனை பேர்?"

"பத்தாயிரம் சார்... பேர் இல்ல சார், தாள்..."

மறுபடியும். அவன் குரல் உடைந்து மெல்லியதாகிக்கொண்டே போனது.

"எவன் வெட்டறான்?"

"நான்தான் சார் வெட்டறேன். மெஷின் இருக்கு. சார், அந்தக் கை வேணாம் சார். சார், அதாலதான் சார் வேலை செய்யறேன்..."

ஒரு மேஜை டிராயரைத் திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு அதை உதைத்துச் சாத்துகிற சத்தம். என் தம்பி போட்ட அலறலை எழுதத் தெரியவில்லை. மாடியில் இருக்கிறவர்கள் அதை எப்படி டைப் அடிப்பார்களோ.

"சார், அது அச்சடிக்கிறது சார்!" என்று இன்ஸ்பெக்டரின் மேஜையைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "அடிக்கிறதுன்னா பிரிண்ட் பண்றது. உங்க தலைவரோட போஸ்டர்தான் சார்!"

"ஏம்மா, பிரஸ்ஸுக்குள்ள பூந்தவன் நான். போஸ்டரை மிதிச்சுட்டுத்தான் வந்தேன். எனக்குக் கண்ணு இல்லையா?" என்றார் அவர், ரொம்ப நிதானமாக. "எனக்கு இந்தத் தாள்ல என்ன இருக்கோ அதுதான் உத்தரவு. அந்தாளு முன்னாடி என்ன பேசினான், பின்னாடி என்ன பேசினான்னு முழுசாக் கொண்டா. இப்பவே விட்டுடறேன்."

"அது... அழிச்சாச்சு சார்."

"யாரு அழிச்சா?"

நான் மேஜையில் கிடந்த அந்தத் தாளைப் பார்த்தேன். அவர் சிரித்தார்.

"அப்ப அவன் அதையெல்லாம் பேசவே இல்லைன்னு அர்த்தம். ராத்திரிக்குள்ள ஒப்புக்க வெச்சு அனுப்பச் சொல்லியிருக்காங்க. ஒப்புக்கறதுக்கு முன்னாடி செத்துட்டானாலும் கேஸ் நிக்கும்."

ஆபீசுக்குத் திரும்பி ஓடும்போது மணி நாலு. முழுப் பேச்சும் இந்த உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் மிஞ்சியிருக்க முடியும், அதைக் கேட்டவரின் மண்டைக்குள். மாடியில் பதினெட்டு பேர் கேட்கிறார்கள். ஆனால் கேட்டதை மறக்காத ஆள் ஒருத்தர்தான். மூன்று மாசத்துக்கு முன்னால் கேட்ட சம்பந்திச் சண்டையைக்கூட இரண்டு பக்கக் குரலிலும் பேசிக் காட்டுவார். அதனால்தான் ரேடியோ. சைக்கிள் ஷெட்டில் அவரைப் பிடித்தேன். கேட்பவரிடம் படிப்பவர் பேசுவதே குற்றம்.

"சார், நேத்து 3117 யாரு கேட்டது?"

ரேடியோ சார் சுற்றுமுற்றும் பார்த்தார். என் முதுகில் ரவிக்கை கிழிந்திருந்ததைப் பார்த்தார். என் வாயோரத்தில் இருந்த ரத்தத்தையும் பார்த்தார்.

"உனக்கு என்ன ஆச்சும்மா?"

"என் தம்பி சார் அவன். அடிச்சே கொன்னுடுவாங்க சார்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். திறக்காமலே பேச ஆரம்பித்தார். "வணக்கம்ணே, சொல்லுங்கண்ணே. கண்ணாடி இல்லாமலா? அடடா, பத்தாயிரம் அடிச்சு ஆறப்போட்டிருக்கேனே..." அது என் தம்பி. அவன் குரல், வாக்கியத்துக்கு நடுவில் மூக்கை உறிஞ்சுகிற அதே பழக்கம். சற்றுமுன் சுவருக்கு அந்தப் பக்கம் உடைந்துபோன குரல், இங்கே இந்த மனுஷர் தொண்டையில் முழுசாக இருந்தது. எனக்கு அழுகை பீறிட்டு வந்தது. இருபத்துமூன்று வரியையும் சொன்னார். பழைய பில் ஒன்றின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். நாலு கலர், ஆர்ட் பேப்பர், ஒட்டுகிற பசை முதற்கொண்டு எல்லாம் இருந்தது.

"கீழ படிக்கிறவங்க பாத்துட்டுக் கோடு போடாம விட்டுருப்பாங்கன்னு நெனச்சேன்" என்றார். "அச்சுக்கூடத்துப் பேச்சு அதுன்னு கேக்கறவனுக்கே தெரியுதே. யாரோ படிக்காமலே போட்டிருக்கா பாவி."

நான் பில்லை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"என் பேரை மட்டும் சொல்லிடாதம்மா. அழிச்ச பேச்சை வெளிய சொன்னா ஏழு வருஷம். எனக்கு இன்னும் பத்து மாசம்தான் சர்வீஸ்" என்றார். என் தலையில் கை வைத்து, "சொல்லலேன்னு சத்தியம் பண்ணு" என்றார். பண்ணினேன்.

திரும்ப ஸ்டேஷனுக்குப் போனபோது இன்ஸ்பெக்டர் டீ குடித்துக்கொண்டிருந்தார். பில்லை வாங்கி இரண்டு தடவை படித்தார். முகம் மாறியது. யாருக்கோ போன் போட்டு, மூடிய கதவுக்குப் பின்னால் கால் மணி நேரம் பேசினார். திரும்பி வந்தவர் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். 

"உன் தம்பியை விட்டுடலாம்மா. மேல சொல்லிட்டாங்க. ஒண்ணே ஒண்ணு. இதை யாரு கேட்டது?"

"எனக்குத் தெரியாது சார்."

"தெரியாமலா இருபத்துமூணு வரி எழுதிட்டு வந்தே? நீயே கேட்டியா? ஆமான்னு சொல்லு, உன் பேரையே போட்டுக்கறேன்."

எனக்கு ஒரு வார்த்தைதான் சொல்ல வேண்டியிருந்தது. ஆமா என்ற இரண்டு எழுத்து. எனக்கு ஏழு வருஷம் ஜெயில், தம்பிக்கு வீடு, ரேடியோ சாருக்கு மிச்சமுள்ள பத்து மாச சர்வீஸ். நியாயமும் அதுதான், கோடு போட்டவள் நான். என் நாக்கு நுனி வரை அது வந்தது. இன்ஸ்பெக்டர் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு விரலால் சுவரை இரண்டு தட்டுத் தட்டினார். அந்தப் பக்கம் டிராயர் திறந்தது.

"சார், இன்னொரு கை வேணாம் சார்..."

நான் சொல்லிவிட்டேன். மாடியில் மூன்றாவது மேஜை, கேட்டதை மறக்காதவர், புருவத்தில் தழும்பு என்று கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். டிராயர் சாத்தப்படவில்லை. எனக்கு அப்போது வந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

"நல்லதும்மா" என்றார் இன்ஸ்பெக்டர். உற்சாகமாக இருந்தார். "கொலைச் சதின்னு நியூஸ் போனா தலைவரைக் கொல்ல ஆள் இருக்குன்னு ஆகும். ஒட்டுக்கேட்டவனைப் புடிச்சோம்னு போனா, சொன்னதைச் செஞ்சு காட்டினவர்னு ஆகும். இந்தச் சட்டத்துல இதுதான் முதல் கைது."

தம்பியை இரண்டு கான்ஸ்டபிள்கள் கொண்டுவந்து பெஞ்சில் போட்டார்கள். ஒரு கண் முழுசாக மூடியிருந்தது. உதடு இரண்டாகப் பிளந்திருந்தது. வலது கையை ஒரு துண்டில் சுற்றியிருந்தார்கள். துண்டுக்கு வெளியே தெரிந்த விரல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. 'என் போனை யாரும் ஒட்டுக்கேட்கவில்லை, என்னை யாரும் அடிக்கவில்லை' என்று எழுதிய தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். அந்தக் கையால் பேனா பிடிக்க முடியவில்லை. இடது கட்டை விரலை மையில் அழுத்தி வாங்கிக்கொண்டார்கள்.

அவனைத் தோளில் தாங்கி வாசலுக்கு வரும்போது ஜீப் வந்து நின்றது. ரேடியோ சாரைச் சட்டைக் காலரைப் பிடித்து இறக்கினார்கள். சாப்பாட்டுப் பை இன்னும் கையில் இருந்தது. நான் கடித்த கான்ஸ்டபிள், கையில் கட்டோடு, படியிறங்கிப் போனான். "நீதான் காதா?" என்று கேட்டான். அவர் வாயைத் திறப்பதற்குள் இரண்டு உள்ளங்கையையும் விரித்து, இரண்டு காதிலும் ஒரே சமயத்தில் அறைந்தான். முழுப் பலத்தோடு. பிறகு இன்னொரு தடவை. இன்னொரு தடவை. பை கீழே விழுந்து டப்பா உருண்டது. அவர் காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கிச் சட்டைக்குள் போனது.

"சார்!" என்று கத்தினேன். அவருக்கும் எனக்கும் நடுவே நாலடி இருக்கும். அவர் திரும்பவில்லை. மறுபடியும் கத்தினேன். தம்பி பெண்டாட்டியும் தெருவில் போனவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மட்டும் எதிரே இருந்த சுவரையே பார்த்துக்கொண்டு, சத்தம் எங்கே போயிற்று என்று தேடுகிறவர் மாதிரி தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்தார்.

ஐந்தாம் நாள் தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தான். வலது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு. இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். "மெஷினுக்கு விரல் குடுத்த அச்சுக்காரன் ஊருக்கு நாலு பேர் இருப்பான், டிராயருக்குக் குடுத்தவன் நான் ஒருத்தன்தான்" என்று சிரித்தான். சிரித்ததும் உதட்டில் தையல் இழுத்தது. இடது கையிலும் ஊசி போட்ட வீக்கம் இருந்ததால் நான்தான் ஊட்டினேன். அவன் நாலு வயதில் அம்மை போட்டுக் கிடந்தபோது ஊட்டியது, அதற்குப் பிறகு இப்போதுதான்.

டி.வி.யில் தலைவர். கண்ணாடி இல்லாத புது முகம். "உன் பேச்சு உன் சொத்து என்றேன்! ஒட்டுக்கேட்டவனை என் அரசாங்கத்துக்குள்ளேயே தேடிப் பிடித்தேன்! இன்று அவன் சிறையில்!" கூட்டம் ஆர்ப்பரித்தது.

தம்பி ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தான். "சொன்னபடி செஞ்சிட்டாரு பாத்தியா அக்கா. போலீஸ்காரனுங்க நாயிங்க, அவரு என்ன பண்ணுவாரு? எல்லாத்துக்கும் காரணம் ஒட்டுக்கேட்ட அந்தப் பொறுக்கிதான். இன்னும் ரெண்டு மிதி மிதிக்கணும் அவனை. ஜெயில்லயே சாவட்டும்."

அடுத்த கவளம் என் கையில் இருந்தது. அதை ஊட்ட முடியவில்லை.

"உன்னைக் காப்பாத்தினவருடா அவரு" என்றேன். "உன் பேச்சு முழுசையும் ஞாபகம் வெச்சிருந்து சொன்னாரு. அதை எழுதிக் கொண்டுபோய்க் குடுத்துத்தான் நீ வெளிய வந்தே. அவரைக் காட்டிக் குடுத்தது நான்."

"நீயா? நீ எப்படி..."

"நான் புகார்ப் பிரிவுல வேலை பாக்கலடா. உன் வரிக்குக் கோடு போட்டவளே நான்தான். படிக்காம போட்டேன்."

அவனுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் மாவுக்கட்டுக் கையை ஓங்கி என் வாயில் அடித்தான். தட்டு பறந்தது. என் உதடு பல்லில் நசுங்கி வாயெல்லாம் உப்புக் கரித்தது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு என்னைவிடச் சத்தமாக அலறினான். வலியோடு வலியாக இன்னொரு தடவை ஓங்கினான். தம்பி பெண்டாட்டி ஓடிவந்து நடுவில் விழுந்தாள்.

"அடிக்கட்டும், விடும்மா" என்றேன். நிஜமாகவே அடிக்கட்டும் என்றுதான் இருந்தது. ரத்தத்தை முந்தானையில் துப்பினேன். "நாளைக்குக் கோர்ட்டுல அவரை நிறுத்தறாங்க. நான் போய் நடந்ததை நடந்தபடி சொல்லப் போறேன். கோடு போட்டது, அழிச்சது, உன்னை அடிச்சது, உன் விரல், எல்லாம்."

தம்பி பெண்டாட்டி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவள் அழவில்லை. "அண்ணி, யாரும் அடிக்கலேன்னு இவரு கைநாட்டு வெச்சுக் குடுத்திருக்காரு. நீங்க போய்ச் சொன்னா அது பொய்னு ஆகும். மறுபடியும் வருவாங்க. மறுபடியும் அந்த டிராயர்தான். இன்னும் எட்டு விரல் இருக்கு அண்ணி."

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் சொன்னால் போய்விடுவது என்றிருந்தேன். அதற்குத்தான் அவனிடம் சொன்னேனோ என்னவோ. நீ போ அக்கா, அந்த மனுஷனைப் பாரு என்று ஒரு வார்த்தை.

அவன் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். மாவுக்கட்டில் ஒரு இடம் சிவந்து ஊறியது. என் முகத்தைப் பார்க்கவில்லை. டி.வி.யையும் பார்க்கவில்லை. தரையில் சிதறிய சோற்றைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான், கதவு தாழ் போட்டிருக்கிறதா என்று பார்த்தான். தம்பி பெண்டாட்டி உள்ளே போய் வேறொரு தட்டில் போட்டுக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள்.

ரொம்ப நேரம் கழித்து அவன் வாயைத் திறந்தான். ஏதோ சொல்லப் போகிறான் என்று காத்திருந்தேன். திறந்த வாயை மூடாமல் அவன் புதுத் தட்டைப் பார்த்தான். நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து, அடுத்த கவளத்தை உருட்டி ஊட்டினேன்.